நான்காம் பகுதியும் ஒரு பொன்னாடையும்

1

சிவபாலண்ணையின் காரின் பின்பெட்டியில், உதிரிச் சில்லுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும். உறை பிரிக்காதது. சரிகைக் கரை போட்டது. ஹரிஸ் பார்க்கில் இனிப்புக் கடைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு புடைவைக் கடையில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார். ஊரிலிருந்து யார் சிட்னியில் வந்து இறங்கினாலும் சரி, பேராசிரியரோ, பாட்டுக்காரரோ, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வந்த ஓய்வுபெற்ற தபாலதிபரோ, பின்பெட்டி திறக்கும், பொன்னாடை வெளியே வரும்.

"மனிசன் கடல் தாண்டி வந்திருக்குது. தோளில ஒரு துணி போடாமல் விடுறதே?" என்பார்.

என்னுடைய குடியுரிமை விழாவுக்கும் கொண்டுவந்தார். மேயர் எனக்கு ஒரு மரக்கன்று தந்தார். சிவபாலண்ணை மேயருக்குப் பொன்னாடை போர்த்தினார். மேயர் அதைக் கழற்றாமலே தேநீர் குடித்தது இன்றைக்கும் எங்கள் வீட்டில் கதை.

நார்த்மீட்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டது. ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்தால் புறப்படுவதற்கு அரை மணி நேரம் எடுக்கும். கதிரையிலிருந்து எழும்பும்போது ஒரு "போட்டு வாறன்", வாசலில் ஒன்று, கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு புதுக் கதை பிறக்கும். உள்ளேயிருந்து ராணி அக்கா, அவருடைய மனைவி, ஹோர்ன் அடிப்பார்.

போன வருடம் ராணி அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த இறுதிக் கிரியையை எப்படி உங்களுக்கு எழுதுவது? இங்கே தகனசாலை மண்டபத்தை நேரம் குறித்துத் தருவார்கள். எங்களுக்குப் பிறகு வேறொரு குடும்பம், அவர்களுடைய கார்கள் வெளியே வந்து நின்றுவிட்டன. கறுப்புக் கோட் போட்ட ஒரு பண்பான இளைஞன் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து மண்டபத்திலும் ஆட்கள் இருப்பதால், செத்தவீட்டில் அடிக்கிற வெண்கலச் சேமக்கலமும் சங்கும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ராணி அக்காவின் தங்கைக்கு விசா கிடைக்கவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போவார் என்பதற்குக் காரணம் போதாதாம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கைபேசித் திரையில் குழறி அழுதார். யாரோ அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்.

சிவபாலண்ணை வாசலில் நின்றார். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார். "பார்க்கிங் கிடைச்சுதே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். முடிந்து போகும்போது இளம் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் "பாய் அங்கிள்" என்றார்கள், ஒன்றிரண்டு பெரியவர்களே வாய்தவறி "போட்டு வாறம் அண்ணை" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவர் எல்லோருக்கும் கல்யாண வீட்டுக்காரரைப் போலத் தலையசைத்தார்.

"ஓம், ஓம். பார்த்துப் போங்கோ."

அழவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

2

துக்க வருடம் என்று ஒன்று உண்டல்லவா? கல்யாணம், கோயில் திருவிழா, அரங்கேற்றம் எதற்கும் போகாத வருடம். அதை அவர் இம்மி பிசகாமல் காத்தார். ஆட்டைத் திவசம் முடிந்தது, ஐயர் வீட்டுக்குத் தண்ணீர் தெளித்து இனி எல்லாவற்றுக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சிவபாலண்ணை எங்கும் போகவில்லை. திரைச்சீலை விலகவில்லை. தொலைபேசி எடுத்தால் "ஓம்... ஓம்... சரி" என்று மூன்று சொல்லில் முடிந்துவிடும்.

மகன் குகன் மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறான். கிழமைக்கு ஒருமுறை எனக்கு எடுப்பான்.

"அண்ணை, அப்பா வெளிக்கிடுறாரே?"

"இல்லையடா தம்பி."

"இஞ்ச வரச் சொன்னாலும் வாறாரில்லை. என்னோட கதைக்கிறதும் வெதர் மட்டும்தான். சிட்னியில மழையாம், மெல்பேர்னில குளிராம். எப்பிடியாவது ஒருக்கா வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. ஆக்களுக்குள்ள."

கோயிலுக்கு அழைத்தேன். பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்துக்கு அழைத்தேன். என் மனைவி வசந்தி கொழுக்கட்டையைக் காரணம் காட்டி அழைத்தாள். கொழுக்கட்டை போனது, அவர் வரவில்லை.

வந்தது என் மகள் அழைத்தபோதுதான்.

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்லமாட்டாள். பசூன் வாசிக்கிறாள். கண்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கிற மரக்குழல், அடித்தொண்டையில் பேசும். வீணைக்கு அனுப்பினோம், மூன்று மாதம் போனாள். பள்ளிக்கூடத்தில் யாரும் தொடாமல் கிடந்த இந்தக் குழலை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் சனிக்கிழமைகளில் வேலை. ராணி அக்காதான் அவளை வகுப்புக்கு ஏற்றிப் போனார், வருடக்கணக்காக. வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்து, "பிள்ளை, உன்ர பீலிக்குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வா!" என்று கூப்பிடுவார். கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலி. உண்மையில் அப்படித்தான் இருக்கும்.

இப்போது ஒரு சமூக இசைக்குழுவில் சேர்ந்திருக்கிறாள். பல் வைத்தியர் ஒருவர் டிரம்பெட், பஸ் ஓட்டுநர் ஒருவர் டபிள்பேஸ், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வயலின். ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு பின்னேரம் ஒன்றில் நகர மண்டபத்தில் ஒரு சிம்பொனி. அது தொடங்குவதே இவளுடைய தனிக்குழலில். வீட்டில் எங்களுக்கு ஒரு எச்சரிக்கை வந்தது: "அப்பா, ப்ளீஸ். நார்த்மீட் முழுக்கக் கூட்டிட்டு வராதீங்க. ஸ்பீச் வேண்டாம். பூமாலை வேண்டாம்."

அதே வாயால்தான் சிவபாலண்ணைக்குத் தானே தொலைபேசி எடுத்து, தன் உடைந்த தமிழில் சொன்னாளாம்: "அங்கிள், நான் வாசிக்கிறது. நீங்க வாறது."

மனிதர் உடனே "ஓம்" என்றுவிட்டார்.

குகனுக்குச் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சுக் கேட்டது.

3

எதையும் சும்மா கேட்கத் தெரியாதவன் நான். கேட்பதற்கு முன் வாசித்துவிட வேண்டும். அந்த சிம்பொனியைப் பற்றி வாசிக்க உட்கார்ந்தேன்.

எழுதியவர் ஒரு ரஷ்யர், நூறு வருடங்களுக்கும் முன்னால். இதற்குள் ஒரு கதை இருக்கிறது, ஆனால் என்னவென்று சொல்லமாட்டேன் என்று தன் மனிதர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். மனதுக்குள் இதைக் கட்டிக்கொண்டு பயணம் போனபோது வழியெல்லாம் அழுததாகவும் எழுதியிருக்கிறார். முதல் தடவை தானே முன்னால் நின்று நடத்தினார். சபை மரியாதைக்குக் கை தட்டியது. மரியாதைக்கு மட்டும். பித்தளைக் குழல்கள் முழங்க வெற்றியோடு முடியவேண்டிய ஒன்றை இந்த மனிதர் ஏன் இப்படி மெதுவாக, கிணற்றுக்குள் இறக்குகிற மாதிரி இறக்கி, சத்தமில்லாமல் விட்டார் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

அவர் போய் இரண்டு கிழமைக்குள், அதே மண்டபத்தில், அவருடைய நினைவாக அதை மறுபடி வாசித்தார்கள். இப்போது அழுதார்கள். அதே இசைதான், ஒரு ஸ்வரமும் மாறவில்லை. கதிரைகளில் இருந்தவர்கள்தான் இடையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்திருந்தார்கள். அதன்பின் வதந்திகள். தன் சாவைத் தெரிந்துதான் எழுதினார் என்றொரு கூட்டம், தானே தேடிக்கொண்டார் என்றொரு கூட்டம், இல்லை, அந்த நாட்களில் அவர் உற்சாகமாகத்தான் இருந்தார், கையில் எத்தனையோ திட்டங்கள் என்று இன்னொரு கூட்டம். இன்றுவரை ஓயவில்லை. எனக்கு அதில் ரஷ்யா தெரியவில்லை. "போன கிழமையும் கடையில கண்டனான், நல்லாத்தானே இருந்தவர்" என்று செத்தவீட்டு வாசலில் கதைக்கிற எங்கள் சனம்தான் தெரிந்தது.

வசந்திக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது.

"என்னப்பா இது? வருசம் முடிஞ்சு முதன்முதல் வெளிக்கிடுற மனிசனை மங்களமான இடமாப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போறதை விட்டுட்டு, ஒப்பாரிக்கோ கூட்டிக்கொண்டு போறியள்?"

"உன்ர மகள்தான் கூப்பிட்டவள்."

"அவளுக்கு என்ன தெரியும்?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா, அவர் சாட் ஆனா என்ன? ஒருத்தரும் அவரை அழ விடுறீங்கள் இல்லையே," என்றுவிட்டு மேலே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம். பிறகு அந்த அடித்தொண்டைக் குழல், அதே நாலு சுரம், திரும்பத் திரும்ப.

வசந்தி ஒரு திட்டம் போட்டாள். நாலு பகுதியில் மூன்றாவது நல்ல உற்சாகம், அணிவகுப்பு மாதிரி என்று நான்தானே வாசித்தேன்? சரி, அது முடிந்த கையோடு எழும்பிவிட வேண்டும். பார்க்கிங் நேரம் முடிகிறது, தண்டம் எழுதிப்போடுவார்கள் என்று சொல்லி, அவரை அந்த உற்சாகத்தோடேயே வெளியே கொண்டுவந்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, வீட்டில் விடவேண்டும். நான்காவது பகுதியை ரஷ்யர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பார்க்கிங்குக்குப் பயப்படாத தமிழன் சிட்னியில் இல்லை. திட்டம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

4

தன் காரில்தான் வந்தார். சாம்பல் கோட், ராணி அக்கா தெரிந்தெடுத்த கழுத்துப்பட்டி. மெலிந்திருந்தார், கோட் தோளில் நிற்கவில்லை. மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்தார், மடியில் ஒரு கடதாசிப் பை.

"அது என்னண்ணை?" என்று வசந்தி கேட்டாள்.

"சும்மா, இருக்கட்டும்," என்றார்.

விளக்குகள் மங்கின. எங்கேயோ நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆரணியின் குழல் தனியே எழும்பியது. இருட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு வருகிற மாதிரி. என் பிள்ளையிடம் இவ்வளவு முதிர்ந்த குரல் ஒன்று இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. சிவபாலண்ணை என் காதுக்குள் சொன்னார்: "பீலிக்குழாய்."

இரண்டாம் பகுதி நடனம் போல ஓடியது. ஆனால் ஒரு கால் நொண்டியது. அவருடைய விரல்கள் துடையில் தட்டத் தொடங்கின, தக தகிட, தக தகிட.

"தம்பி, இது கண்டமெல்லே! அஞ்செல்லே போகுது! இவையளுக்கும் கண்டம் வருமே?"

எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். சிவபாலண்ணை அவரைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய களை. வசந்தி என் கையைக் கிள்ளினாள், மகிழ்ச்சியில்.

மூன்றாம் பகுதி, படை புறப்பட்ட மாதிரி. தாளத் தட்டுகள் மோதின, முரசு இடித்தது, பல் வைத்தியர் கன்னம் வெடிக்க ஊதினார். முடிந்த வேகத்தில் பாதி மண்டபம் கை தட்டிவிட்டது. எந்த நாட்டிலும் இந்த இடத்தில் சனம் ஏமாந்துவிடும் என்று வாசித்திருந்தேன். தெரிந்தவர்கள் "ஷ்ஷ்" என்றார்கள். நான் பார்க்கிங் வசனத்தை வாயில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன்.

கதிரை காலி.

நடைபாதையில் மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பை கீழே கிடந்தது. உறை பிரித்து, மடிப்புக் குலைத்து, இரண்டு கையிலும் பொன்னாடை.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அரங்கேற்றங்களில் அதுதானே முறை? சபை அதிரத் தில்லானா முடியும். உடனே பிரதம விருந்தினர், வாழ்த்துரை, பொன்னாடை. அதன்பின் கடைசியாக ஒரு சின்ன மங்களம், அதற்குள் பாதிச் சனம் சாப்பாட்டு வரிசையில். சிட்னியில் முப்பது வருடமாக அந்த இடத்தில் மேடையேறிய கால்கள் அவருடையவை. அவை தாமாக எழும்பிவிட்டன.

இசைக்குழுவை நடத்திய பெண்மணி கையை உயர்த்தியவர், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். சரிகைத் துணியோடு ஒரு முதியவர். மண்டபம் முழுக்கப் பார்த்தது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஆரணியைப் பார்த்தேன். பூமாலை வேண்டாம், ஸ்பீச் வேண்டாம் என்றவள். அவள் முகம் சிவக்கவில்லை. குழலைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி, சின்னதாகக் காட்டினாள்: இன்னும் ஒன்று இருக்கு, அங்கிள்.

அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பி வரவும் இல்லை. முதல் வரிசையின் ஓரத்தில், சுவரோடு ஒதுங்கி, பொன்னாடையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியபடி நின்றுகொண்டார். நடத்திய பெண்மணி அவருக்கு ஒருமுறை தலைசாய்த்துவிட்டு, கையை இறக்கினார்.

நான்காம் பகுதி தொடங்கியது. இனி யாரை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

வயலின்கள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு விழுந்தன. எழும்பின, எழும்பி முன்னையதைவிடக் கீழே விழுந்தன. குழறுவதும் விம்முவதும் களைத்து ஓய்வதும் மறுபடி நினைவு வந்து குழறுவதும். அதற்கு ராகம் தெரியத் தேவையில்லை. ஓரிடத்தில் எல்லாம் அடங்கியது. பின்வரிசையில் வெள்ளைத் தலைமுடிக்காரர் ஒருவர், தொங்கவிட்ட பெரிய வெண்கலத் தட்டை, ஒரே ஒரு தரம், மெல்லத் தொட்டார்.

சேமக்கலம்.

சிவபாலண்ணையின் தலை நிமிர்ந்தது. பிறகு தாழ்ந்தது. அதற்குமேல் எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. சாம்பல் கோட்டின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கண்ணைத் துடைக்க முடியாது, இரண்டு கையிலும் பொன்னாடை. எங்களுக்கு முன்னால் இருந்த அந்தப் பெண்மணி எழும்பப் போனார், பிறகு என்ன நினைத்தாரோ, எழும்பாமல் இருந்துவிட்டார். யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

கடைசியில் டபிள்பேஸ் மட்டும், மூச்சு மாதிரி, இருக்கிறது, இல்லை, இருக்கிறது. பிறகு இல்லை.

நடத்திய பெண்மணியின் கை தூக்கியபடியே நின்றது. மண்டபம் அசையவில்லை. அந்தக் கை கீழே வந்தபோது எல்லோரும் எழுந்து தட்டினார்கள். சிவபாலண்ணை பொன்னாடையை நாலாக மடித்தார். மேடைக்குப் போகவில்லை. எங்களைத் தாண்டி, எங்களைப் பாராமல், ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போனார். நாங்கள் கார் நிற்கிற இடத்துக்கு ஓடியபோது அவருடைய கார் இல்லை.

அரை மணி நேரம் விடைபெறுகிற மனிதர்.

5

அந்தக் கிழமை வசந்தி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "காயத்தைக் கிளறிப்போட்டு வந்திருக்கிறியள்," என்றாள், அது மட்டும். அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. நடக்கப் போகிற சாட்டில் இரண்டு தரம் அவர் வீட்டுப் பக்கம் போனேன், திரைச்சீலை மூடியிருந்தது. ஆரணியிடம் கேட்டேன், கோபமா என்று. "ஆர்? அங்கிளா? வை?" என்றாள்.

சனிக்கிழமை காலை வாசலில் ஹோர்ன் கேட்டது. நீளமாக, ராணி அக்கா அடிக்கிற மாதிரி. ஆரணி சீரியல் கோப்பையோடு யன்னலுக்கு ஓடினாள்.

சிவபாலண்ணை குசினிக்கே வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வசந்தி தேநீர் வைத்தாள். வைத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, அண்டைக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டியள். நாங்கள் என்னவோ ஏதோ எண்டு..."

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"செத்தவீட்டில சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறதே, வசந்தி?"

வசந்தி கொதிகேத்திலை அணைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ராணிக்கு நான் செத்தவீடே செய்யேல்லை," என்றார். "தண்ணிப் போத்தல் குடுத்தன். பார்க்கிங் கேட்டன். வந்த சனமெல்லாம் சொல்லிக்கொண்டு போச்சுது, நானும் தலையாட்டி அனுப்பினன். ஒரு சேமக்கலம் இல்லை. அண்டைக்குத்தான் அடிச்சது. அந்த வெள்ளைக்கார மனிசனுக்கு ஒரு பொன்னாடை போடவேணும்." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "வீட்டை போய் குகனுக்கு எடுத்தனான். அவன் வெதர் கேட்டான். நான் உன்ர அம்மா எண்டன். அவ்வளவுதான், ரெண்டு பேரும் தொடங்கிட்டம். அவன்ர மனிசி பயந்து போனாள்."

சிரித்தார். கண் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

ஆரணி கதவோரம் நின்றாள். "அங்கிள், அதுதான் நீங்க கிளாப் பண்ணேல்லையா?"

"ஆர் பிள்ளை செத்தவீட்டில கை தட்டுறது?"

எழும்பி, பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். நாலாக மடித்த மடிப்பு அப்படியே இருந்தது, ஒரு மூலையில் ஈரம் காய்ந்த திட்டு. இப்போது இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் அவளைப் பார்த்தேன். பிஜாமாவோடு, கையில் சீரியல் கோப்பையோடு, என் மகள் குனிந்து கழுத்தைக் காட்டினாள். அவர் போர்த்திவிட்டார்.

"கடல் தாண்டி வந்தாக்களுக்குத்தானே அங்கிள் இது?" என்று கேட்டாள்.

"நீயும் தாண்டி வந்திருக்கிறாய் பிள்ளை, என்னைத் தேடி. எனக்குத் தெரியும்."

அவரோடு கார் வரைக்கும் போனேன். "சரி, போட்டு வாறன்," என்றார். கதவைத் திறந்தார். திறந்தவர், அடுத்த மாதம் ஊரிலிருந்து ஒரு தவில்காரர் வருகிறாராமே என்றார். பின்பெட்டியைத் திறந்து காட்டினார். உதிரிச் சில்லு மட்டும் கிடந்தது, ஹரிஸ் பார்க்குக்குப் போக வேண்டும், நீயும் வாவன் தம்பி என்றார். "அப்ப போட்டு வாறன்." பிறகு அந்த அஞ்சு எண்ணிக்கை, அது எப்படி இவர்களுக்கு வந்தது, ரஷ்யாவில் கண்டம் இருக்குமோ, வாசித்துப் பார்த்துச் சொல்லு என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வசந்தி, தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். கார்க் கதவில் கை வைத்தபடி, மூன்றாம் முறையும் சொன்னார்.

"சரி தம்பி, போட்டு வாறன்."

கதவு இன்னும் திறந்தபடியே இருந்தது.